சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு போன இடம்

"எப்பிடில இருந்துச்சு?" என்று அம்மா கேட்டாள். "சூப்பர்ம்மா" என்றேன். மத்திய அமெரிக்காவில் இருக்கிற பெலீஸ் நாட்டின் மேற்கு ஓரத்தில், குவாத்தமாலா எல்லையை ஒட்டிய சான் இக்னாசியோ என்ற சிறிய ஊரில், விடுதித் திண்ணையில் உட்கார்ந்து வாட்ஸப்பில் பேசிக்கொண்டிருந்தேன். எங்களுக்குச் சாயங்காலம், ஸ்ரீவைகுண்டத்தில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. குகைக்குள் நீந்திப் போனதையும், பாறை இடுக்கில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நுழைந்ததையும், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில் போகிற போக்கில், "உள்ள எலும்புக்கூடெல்லாம் கெடக்கும்மா, ஆயிரம் வருஷத்துக்கு முந்தி பலி குடுத்தவங்க" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "குளிச்சியா?" என்றாள்.

சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் துட்டி வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் குளிக்காமல் வாசல் மிதிக்கக் கூடாது. செத்தவர் யாரோ எவரோ, ஆயிரம் வருஷம் ஆனவரோ, அம்மாவுக்குக் கணக்கு ஒன்றுதான். இது நடந்தது 2019 மார்ச்சில். ஆனால் நான் சொன்ன அந்த "சூப்பர்", அவள் கேட்ட அந்த "குளிச்சியா", இரண்டும் இன்னும் எனக்குள் மல்லுக்கு நின்றுகொண்டுதான் இருக்கின்றன. ஒன்று ஜெயித்துவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

காலையில் கோயில், மத்தியானம் குற்றாலம்

தென்காசிப் பக்கம் டூர் போனால் காலையில் காசிவிசுவநாதர் கோயில், மத்தியானம் குற்றால அருவி. பெலீஸில் நாள் சுற்றுலா விற்கிறவர்களும் இதே சூத்திரத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள். காலையில் மாயா என்கிற பழைய நாகரிகத்தின் இடிபாடு ஒன்று, மத்தியானம் உடம்பை உலுக்குகிற மாதிரி ஏதாவது ஒன்று. அல்துன் ஹா பார்த்துவிட்டு ஆற்றுக் குகையில் டியூப் மிதவை. லமனாய் போக வேண்டுமானால் நியூ ரிவரில் படகுப் பயணம், வழியில் முதலை. புராதனம் பிடித்தவர்களுக்கு ஒன்று, சும்மா உட்கார்ந்திருக்க முடியாத பிள்ளைகளுக்கு ஒன்று. குடும்பத்தில் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது. நாங்கள் மூன்று பேர்: நான், மனைவி, பள்ளி விடுமுறையில் இருந்த பதினேழு வயது மகன். ஹூஸ்டனிலிருந்து விமானம் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் பெலீஸ் சிட்டி.

முதல் நாள் இந்தச் சூத்திரப்படியே போனது. காலையில் சுனான்துனிச். மோப்பான் ஆற்றைக் கடக்க அப்போது ஒரு தட்டையான ஃபெர்ரி இருந்தது. மோட்டார் கிடையாது. ஒருவர் நின்றுகொண்டு கைப்பிடியைச் சுற்றினார், கம்பி வடத்தைப் பிடித்தபடி ஃபெர்ரி அக்கரைக்கு நகர்ந்தது. மகன் அவரிடம் கேட்டு வாங்கி நாலு சுற்றுச் சுற்றினான். அப்புறம் எல் காஸ்டீயோ என்கிற பெரிய கட்டடத்தின் உச்சிக்கு ஏறினோம், சுமார் 40 மீட்டர். மேலே நின்றால் குவாத்தமாலா தெரிகிறது. பக்கச் சுவரில் சுதைச் சிற்பப் பட்டை. நாம் தடவிப் பார்ப்பது ஃபைபர் கிளாஸ் நகல், அசல் அதற்குப் பின்னால் பத்திரமாக மூடிக் கிடக்கிறது. மத்தியானம் கேவ்ஸ் பிராஞ்ச் ஆற்றில் ரப்பர் டியூபில் மல்லாந்து படுத்துக் குகைகளுக்குள் மிதந்தோம். வரலாறு ஒரு பக்கம், கும்மாளம் ஒரு பக்கம், நடுவில் சாப்பாடு. ஒன்றின் ஈரம் இன்னொன்றின் மேல் படவில்லை. மனசும் எங்கும் இடறவில்லை.

இரண்டாம் நாள்தான் சிக்கல். ஆக்டுன் துனிச்சில் முக்னால். ஆக்டுன் என்றால் குகை, துனிச் என்றால் கல். கல் கல்லறையின் குகை என்று பொருள் சொல்கிறார்கள். வாயில் நுழையாததால் எல்லாரும் ஏடிஎம் என்கிறார்கள். "நாளைக்கு ஏடிஎம் போறோம்மா" என்று முந்தின நாள் சொன்னபோது, "ஏன், கைல காசு இல்லியா?" என்று கேட்டவள்தான் அம்மா. இந்த இடத்தில் காலை வேறு மத்தியானம் வேறு என்று பிரிக்க வழியில்லை. கோயிலும் அருவியும் கல்லறையும் ஒரே பொந்துக்குள் இருக்கின்றன.

ஆற்றுக்குள்ளே ஆறு

சான் இக்னாசியோவிலிருந்து வேன் கிளம்பி, டீகெட்டில் என்கிற கிராமத்தில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி, வயல்களுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கிப் போய் டேப்பிர் மலைக் காப்புக்காட்டின் விளிம்பில் நின்றது. உரிமம் பெற்ற கைடு இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. எங்கள் கைடு மோப்பான் மாயாக் குடும்பத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். அதிகம் சிரிக்காத மனிதர். பெலீஸ் பழைய பிரிட்டிஷ் ஹோண்டுராஸ், ஆட்சிமொழி ஆங்கிலம், அதனால் பேச்சுக்குத் தடையில்லை. ஹெல்மெட், தலைவிளக்கு, லைஃப் ஜாக்கெட் கொடுத்தார். கேமரா, ஃபோன் எல்லாம் வேனில் வைக்கச் சொன்னார். ஒவ்வொருவரிடமும் ஒரு ஜோடி சாக்ஸை வாங்கி, தண்ணீர் புகாத தன் பையில் போட்டுக்கொண்டார். ஆற்றில் இறங்கப் போகிறவர்களுக்குச் சாக்ஸ் எதற்கு என்று புரியவில்லை, கேட்கவும் இல்லை.

ரோரிங் கிரீக்கை மூன்று முறை கடக்க வேண்டும். முதல் இடத்தில் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டு நீந்தினோம். மற்ற இரண்டும் இடுப்பளவு. முக்கால் மணி நேரம் காட்டு நடை. இலைவெட்டி எறும்புகள் தங்களைவிடப் பெரிய பச்சைத் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு பாதையில் தடம் போட்டிருந்தன. குகை வாய் மணற்கடிகாரம் மாதிரி இடை சிறுத்து நிற்கிறது. கீழே நீலப்பச்சைத் தண்ணீர். படியெல்லாம் கிடையாது. குதித்து நீந்தித்தான் உள்ளே போக வேண்டும். தாமிரபரணியில் நீச்சல் பழகியவன் நான், ஆனாலும் அந்தக் குளிர் முதுகுத்தண்டில் ஏறியபோது "ஐயோ" என்று கத்தினேன். குகை அதைத் திருப்பிக் கத்தியது. மகனுக்கு அது பிடித்துப்போய் இன்னும் சத்தமாகக் கத்தினான். பின்னால் வந்த தம்பதியும் சேர்ந்துகொண்டார்கள்.

இந்தப் பகுதியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை, ஏனென்றால் அவ்வளவு நன்றாக இருந்தது. குகைக்குள் ஆறு ஓடுகிறது, அந்த ஆற்றுக்குள் நாம் நடக்கிறோம். சில இடத்தில் முழங்கால், சில இடத்தில் கழுத்து. "இடது கை இந்தப் பாறையில், வெள்ளையாக இருப்பதைத் தொடாதே, பின்னால் சொல்" என்பார் கைடு. வார்த்தை ஒவ்வொருவராகக் கைமாறிக் கடைசி ஆள் வரை போகும். ஓரிடத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே தலையைச் சாய்த்துக் கழுத்தை மட்டும் சரியாக அந்த இடுக்கில் கொடுத்து நகர வேண்டியிருந்தது. மனைவி என்னைப் பார்த்து, "உங்க தொப்பைக்கு இடுக்கு எங்க இருக்கு?" என்றாள். இன்னோரிடத்தில் எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருக்கிற இருட்டு. யாரோ பேய்ச் சத்தம் போட, ஆளாளுக்குச் சிரித்தோம். கைடு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மாயாக்களுக்குக் குகை என்பது ஷிபால்பாவின் வாசல், செத்தவர்களும் தெய்வங்களும் இருக்கிற பாதாளம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். பந்தத்தைப் பிடித்துக்கொண்டு இதே தண்ணீரில்தான் அவர்களும் வந்தார்கள். "என் பாட்டி கடைசிவரை இங்கே வந்ததில்லை. கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டாள்" என்றார்.

அரைக் கிலோமீட்டர் போல உள்ளே போனபின் ஒரு பெரிய பாறையில் தொற்றி ஏறச் சொன்னார். மேலே உலர்ந்த தரை. "செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழற்றுங்கள்" என்றார். நான் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓரடி வைத்தேன். பழக்கதோஷம். செருப்பைக் கழற்றச் சொன்னால் நமக்கு அடுத்தது வெறுங்கால்தானே. கைடு என் தோளைப் பிடித்து நிறுத்தி, பையிலிருந்து சாக்ஸை எடுத்துக் கொடுத்தார். தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசை சுண்ணாம்புத் தரையைக் கெடுத்துவிடுமாம். ஷூவைக் கழற்றினால் எங்கே கால் வைக்கிறோம் என்று மனிதர்கள் கொஞ்சம் பார்த்தும் வைப்பார்களாம். எங்களைத் தடுத்தது தீட்டு இல்லை, உள்ளங்கால் வியர்வை.

தரை முழுக்கப் பானைகள். அருங்காட்சியகத்தில் அடுக்கி வைத்த மாதிரி இல்லை, வைத்த இடத்திலேயே, சாய்ந்தும் உடைந்தும் கவிழ்ந்தும் கிடந்தன. சொட்டுகிற தண்ணீரின் சுண்ணாம்பு பலவற்றைத் தரையோடு சேர்த்து ஒட்டிவிட்டது. சிலவற்றில் வேண்டுமென்றே போட்ட ஓட்டை இருக்கிறது, பானையின் உயிரை விடுவிப்பதற்காக என்கிறார்கள். ஒன்றின் விளிம்பில் சின்னஞ்சிறு குரங்கு உருவம். பெரும்பாலானவை கி.பி. 700க்கும் 900க்கும் இடைப்பட்டவை. மாயா நகரங்கள் ஒவ்வொன்றாக ஆளொழிந்துகொண்டிருந்த காலம் அது, மழை பொய்த்த காலமும்கூட. சாக் என்கிற மழைத் தெய்வத்துக்கு மக்காச்சோளம் படைத்துப் பார்த்தார்கள். அது போதவில்லை என்று தோன்றியபோது வேறு படைத்தார்கள். இந்தக் குகையில் 14 பேரின் எலும்புகளை ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். அதில் சின்னக் குழந்தைகளும் உண்டு.

எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே கண்ணாடி இல்லை, கம்பி இல்லை. தரையில் ஒட்டிய வண்ண நாடாதான் எல்லை. ஒரு மண்டையோட்டின் மேல் விளக்கைப் பாய்ச்சினார் கைடு. அதில் ஓர் ஓட்டை. இதுவும் பலியா என்று கேட்டேன். "இல்லை. இது 2012" என்றார். ஒரு சுற்றுலாப் பயணியின் கையிலிருந்து கேமரா நழுவி விழுந்த ஓட்டை அது. அதற்கப்புறம்தான் கேமராவுக்குத் தடை வந்தது. ஆயிரத்துச் சொச்சம் வருஷம் வெள்ளத்துக்கும் வவ்வாலுக்கும் தப்பிக் கிடந்த தலையை ஒரு விடுமுறைப் படம் உடைத்துவிட்டது. கைடின் குரலில் கோபம் இல்லை. தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்திருக்கும்.

ஏணிக்கு மேலே

கடைசி அறைக்குப் போக ஓர் ஏணி சாத்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவராக ஏறினோம். மேலே இடம் குறைவு. அங்கே கிடக்கிறவளைத்தான் படிகக் கன்னி என்கிறார்கள். விளம்பரங்களில் எல்லாம் அந்தப் பெயர்தான். மல்லாந்து, கைகால் பரப்பி, வாய் திறந்து, முழு எலும்புக்கூடு. எலும்பின் மேல் கால்சைட் என்கிற சுண்ணாம்புப் படிகம் படிந்து, விளக்கு பட்டால் சர்க்கரைத் தூள் தூவியது மாதிரி மினுங்குகிறது. "ரொம்ப நாளாக இது பெண் என்று நினைத்தார்கள். இப்போது ஆணாக இருக்கலாம் என்கிறார்கள். வயது பதினேழு போல இருக்கும்" என்றார் கைடு.

மகன் என்னைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவன் ஈர டீசர்ட்டோடு, ஹெல்மெட்டின் வார் தாடையில் அழுத்த, சாக்ஸ் காலை ஜாக்கிரதையாக நாடாவுக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த குழு ஏணியடியில் காத்திருந்தது. யாரோ ஜோக் சொல்லியிருக்க வேண்டும், ஐந்தாறு பேர் சேர்ந்து சிரித்தார்கள். குகை அதைப் பத்து மடங்காக்கி மேலே அனுப்பியது. எனக்கு ரத்தம் கொதித்தது. இழவு விழுந்த இடத்தில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று கீழே பார்த்துக் கத்த வாயெடுத்துவிட்டேன். சத்தியமாக, வாய் திறந்தாயிற்று. அடுத்த நொடி அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானதாகத் தெரிந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் இருட்டில் பேய்ச் சத்தம் கேட்டுச் சிரித்தோமே, அதே சிரிப்பு. அதே தண்ணீர், அதே கூட்டாளித்தனம். எங்களுக்கு முன்னால் போன குழுவில் எவனாவது இதே ஏணி மேல் நின்று எங்களைச் சபித்திருப்பான்.

சிரிப்பே தப்பு என்று எப்படிச் சொல்வேன்? நான் வளர்ந்த ஊரில் சாவு வீட்டில் கொட்டு உண்டு, ஆட்டம் உண்டு, தாத்தாவின் பொய்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற பேரன்கள் உண்டு. ஆனால் அதற்கு ஒரு கணக்கும் உண்டு. பேரன் பேத்தி எடுத்துப் போன சாவுக்குத்தான் அதெல்லாம். வயசுப் பிள்ளையின் சாவுக்குக் கொட்டு கிடையாது. தெருவே வாயை மூடிக்கொள்ளும். எதிர்வீட்டில் ரேடியோ போட மாட்டார்கள். எனக்கு ஏறிய கோபம் ஆயிரம் வருஷத்து எலும்பின் புனிதத்துக்காக வந்ததில்லை. கைடு "பதினேழு" என்று சொன்னதும் எங்கள் தெருக் கணக்கு தானாக வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

அந்தப் பெயர் மேல் இருந்த கடுப்பும் அங்கேதான் தொடங்கியது. முந்தின நாள் பார்த்த சுனான்துனிச் என்ற பெயருக்கு அர்த்தம் கல்பெண். வெள்ளுடுத்த ஒரு பெண் உருவம் அந்தக் கட்டடத்துக்குள் ஏறி மறைந்ததைப் பார்த்ததாகச் சொல்லும் கதையிலிருந்து, பிற்காலத்தில் வைத்த பெயர். இங்கே படிகக் கன்னி. கல் என்றாலும் படிகம் என்றாலும் கூடவே ஒரு பெண் வேண்டியிருக்கிறது. மினுமினுக்கிற கன்னியைப் பார்க்க வா என்றால் ஆள் வரும். அடித்துக் கொன்ற பையனைப் பார்க்க வா என்றால் எத்தனை பேர் வருவார்கள்? ஆணாக இருக்கலாம் என்று தெரிந்த பிறகும் பெயரை யாரும் தொடவில்லை. மினுக்கம்கூடச் சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டிய தற்செயல். ஆனாலும் நானும் அந்தப் பெயரைப் பார்த்துத்தானே மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதற்குப் பணம் கட்டினேன்.

"மூன்று நிமிடம். கீழே காத்திருக்கிறார்கள்" என்றார் கைடு. இறங்கினோம். ஏணியடியில் நின்றவர்களில் ஒரு பெண்மணி என்னைப் பார்த்து, "எப்படி இருந்தது?" என்று உற்சாகமாகக் கேட்டார். "நன்றாக இருந்தது" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

திரும்பி வரும்போது அதே இடுக்கு, அதே கழுத்தளவு ஆழம். யாரும் கத்தவில்லை. வாசலில் பகல் வெளிச்சம் தண்ணீரில் இறங்கியிருந்த இடத்தில் மகன் லைஃப் ஜாக்கெட்டோடு கொஞ்ச நேரம் மல்லாந்து மிதந்தான். வேன் நின்ற இடத்தில் தேங்காய்ப் பால் விட்டு ஆக்கிய ரைஸ் அண்ட் பீன்ஸ், ஸ்டூ சிக்கன், மேரி ஷார்ப்ஸ் மிளகாய் சாஸ், கூடவே ரம் பஞ்ச். துட்டி வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பார்கள். நான் இரண்டாவது தட்டு வாங்கினேன். நல்ல பசி.

போன வருஷம் ஊருக்குப் போனபோது மகனை ஆதிச்சநல்லூருக்குக் கூட்டிப் போனேன். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். சின்ன வயதில் அந்தப் பரம்பில் பானை ஓட்டைப் பொறுக்கிச் சில்லு எறிந்து விளையாடியிருக்கிறோம். தாழிக்குள் மனிதர்கள் இருந்தது தெரிந்தும் எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. இப்போது அந்த இடத்திலேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, 2023இல் திறந்தார்கள். தோண்டிய குழிக்கு மேல் கண்ணாடித் தரை போட்டிருக்கிறார்கள், அதன் மேல் நின்று கீழே தாழிகளைப் பார்க்கலாம். மகன் அந்தக் கண்ணாடியின் ஓரத்தில் வந்து நின்றுவிட்டான். நடுவே போகவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தான். "அப்பா, இங்க சாக்ஸ் குடுக்கலையா?" என்றான். அந்தக் குகை அவன் மனசை விட்டும் போகவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சரி, அந்த ஃபோனுக்கு வருகிறேன். "குளிச்சியா?" என்று கேட்டாளல்லவா. துணி மாற்றியதோடு சரி, குளிக்கவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்க மனசில்லாமல், "முக்காவாசி நேரமும் தண்ணிக்குள்ளதாம்மா. வெளிய வரணும்னாலே நீந்தித்தான் வரணும்" என்றேன்.

"தலை முங்குனியா?"

யோசித்துப் பார்த்தேன். லைஃப் ஜாக்கெட் கழுத்துக்கு மேல் தண்ணீரில் இறங்க விடவில்லை. "ஹெல்மெட் போட்டிருந்தேம்மா."

"அப்ப குளிக்கலை. போ, போய்த் தலைக்கு ஊத்து. பிள்ளையையும் ஊத்தச் சொல்லு."

ஃபோனை வைத்துவிட்டுப் போய்த் தலையோடு குளித்தேன். வெந்நீர் தீர்ந்திருந்தது. துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மகன் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, பிழிந்தும் வெள்ளைச் சுண்ணாம்பு போகாத சாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆச்சி உன்னையும் குளிக்கச் சொன்னா" என்றேன். எதற்கென்று கேட்பான், இதெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவன் சாக்ஸைக் கீழே வைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.